இலைக்கு ஏது உப்பு?

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். "மேடம், உங்க காலத்துல தண்ணியில கார்பன் எல்லாம் எப்படிப் பார்த்தீங்க? ஸ்வீட்டா ஒரு மெமரி எழுதிக் கொடுங்க" என்றார்கள். இப்போது புதுக் கருவி வந்திருக்கிறதாம். சின்னக் குப்பியில் தண்ணீரை வைத்துப் பொத்தானை அமுக்கினால், ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் எண் வந்து விழுந்துவிடுமாம். சந்தோஷம். என் காலத்தில் எண் வர ஒரு முழு நாள் ஆகும். ஆனால் சரியாக வரும். சரியாகவே வந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஸ்வீட்டாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்டதால் எழுதுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

நான் வேதியியல் படித்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த நீர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மேற்குத் தாம்பரத்தில் வீடு, நடந்து போகும் தூரத்தில் வேலை. முதல் ஒரு வருடம் பயிற்சி என்று பெயர்; குடுவை கழுவினேன், அவ்வளவுதான்.

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடைத் தண்ணீரை எவ்வளவு நுணுக்கமாக வடிகட்டினாலும் அதில் ஒரு சாறு மிச்சம் இருக்கும். காய்ந்த இலை, வேர், மண், செத்த பூச்சி எல்லாம் ஊறி இறங்கிய சாறு. காபிப் பொடியில் வெந்நீர் ஊற்றினால் டிகாக்‌ஷன் இறங்குகிறதே, அதே கதைதான். கரைந்த கரிமப் பொருள் என்று அதற்குப் பெயர். தன்னளவில் அது கெட்டதே இல்லை. ஓடையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. அது எவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து வந்தது, இந்த இரண்டையும் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. எவ்வளவு என்பதைக் குடுவை சொல்லிவிடும். எங்கிருந்து என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். திருட்டுத்தனம் எல்லாம் அங்கேதான் நடக்கும்.

எங்கள் மேலதிகாரியின் பெயர் வேண்டாம். சார் என்றே எழுதுகிறேன். பிற்பாடு மாலையும் மரியாதையுமாக ஓய்வு பெற்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தவறு செய்தவர் பக்கத்தில் வந்து நின்று, "இன்னொரு தடவை பண்ணிடலாமா?" என்பார். அந்த மென்மைக்கு நாங்கள் நடுங்கினோம். வேலையில் அவரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. இன்றும் சொல்ல மாட்டேன். அவர் கற்றுக்கொடுத்ததை எல்லாம் வைத்துத்தான் அவர் செய்ததைக் கண்டுபிடித்தேன்.

வடிகட்டும் கண்ணாடி இழைத் தாள்களை முந்தின நாளே உலையில் வைத்துச் சுட்டு எடுக்க வேண்டும். தாளில் ஒட்டியிருக்கும் அழுக்கே தண்ணீரில் இறங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால். இடுக்கியால்தான் எடுக்கலாம், விரல் பட்டால் அந்தத் தாள் போச்சு. வடிகட்ட வைத்திருந்தது, குழாய்த் தண்ணீரின் வேகத்தில் உறிஞ்சி இழுக்கும் பம்ப். எங்கள் குழாயில் வேகம் இருந்தது காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை. அதனால் வடிகட்டும் நாட்களில் ஆறே முக்காலுக்கே வந்துவிடுவோம். தண்ணீரைச் சோதிக்கத் தண்ணீருக்குக் காத்திருந்த ஆபீஸ் அது. வடிகட்டிய பிறகு உப்பு பார்க்க வேண்டும். வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்த வேண்டும். உப்பு அதிகம் இருந்தால் கரிமக் கணக்கு பொய்யாக ஏறிவிடும். அந்த உப்பைக் கட்டிப்போட எவ்வளவு பாதரச உப்பு சேர்ப்பது என்று முதலிலேயே தெரிய வேண்டும். அதன் பிறகுதான் ஆரஞ்சு நிற டைக்குரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவோம். சார் பின்னால் வந்து நின்றுகொண்டு கொதி எப்படி இருக்கிறது என்று காதால் கேட்பார். கண்ணால் பார்க்கக்கூட மாட்டார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார். தண்ணீர் எடுப்பவர் சோதிக்கக் கூடாது; சோதிப்பவருக்கு அது எந்த இடத்துத் தண்ணீர் என்று தெரியக் கூடாது. பாட்டில் வெறும் எண்ணோடு வரும். எந்த எண் எந்த இடம் என்கிற பட்டியல் சாரின் மேஜையில் பூட்டியிருக்கும். மிகச் சரியான சட்டம். இடம் தெரிந்தால் மனசு சாயும், கையும் சாயும். எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் பக்தி என்றே சொல்லலாம். "எந்த ஊர் தண்ணி மேடம்?" என்று யாராவது கேட்டால், "தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டேன்" என்று தலையை நிமிர்த்திச் சொல்வேன். எத்தனை பெருமை! இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு நாள் காலையில் கன்னியம்மா என்பவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். முடிச்சூர் தாண்டி உள்ளே ஓடைக்கரையில் ஒரு ஊர். இப்போது அங்கே அடுக்குமாடிதான் நிற்கிறது. அப்போது கீரைப் பாத்திகள். கன்னியம்மா கீரை பயிரிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டில் கொண்டுவந்து விற்பவர், ஐம்பது வயது இருக்கும். அன்று கூடையில் கீரைக்குப் பதில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. திறந்து காட்டினார். உள்ளே பால் விடாத கட்டாங்காபி மாதிரி தண்ணீர்.

"எங்க தெருக் கெணத்துத் தண்ணிம்மா. ஓடையாண்ட கீது கெணறு. போன வெயில்லேர்ந்து இப்டித்தான் வருது. சோறு வடிச்சா செவந்து பூடுது. இரும்பு வாளில மொண்டு வெச்சா மையாட்டம் கருக்குது. புள்ளைங்களுக்கு ஓயாம வவுத்தால போவுது. இது இன்னா தண்ணின்னு பாத்துச் சொல்லு."

எனக்குப் பார்க்க ஆசைதான். சார் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, வெகு மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, நம்பர் போடாத தண்ணிய நாங்க தொடறதில்ல. கலெக்டருக்கு மனு கொடுங்க. அவங்க சொன்னா நாங்களே வந்து எடுப்போம்."

கன்னியம்மா தூக்கை மூடிக்கொண்டு போய்விட்டார். ஆனால் மனுவும் கொடுத்தார். தெருவே கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனு. ஓடையை ஒட்டி ஒரு தோல் கம்பெனி இருந்தது. மரப்பட்டைச் சாற்றில் தோலை ஊறப்போட்டுப் பதப்படுத்துகிற இடம். அதன் கழிவுதான் ஓடையில் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது என்பது ஊர்க்காரர்களின் புகார். இல்லை, அது ஓடையில் விழுந்து ஊறுகிற இலையின் நிறம் என்பது கம்பெனியின் பதில். மரப்பட்டைச் சாறும் பழுப்பு, இலைச் சாறும் பழுப்பு. எது என்று சொல்லும்படி மேலிடத்து உத்தரவு எங்களுக்கு வந்தது. ஓடையில் கம்பெனிக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் எடுத்தால் தீர்ந்தது வழக்கு. மேலே தெளிவு, கீழே பழுப்பு என்றால் கம்பெனிக் கழிவு. இரண்டும் ஒன்றே என்றால் இலை.

வழக்கமாகத் தண்ணீர் எடுக்கப் போகும் களப் பணியாளருக்கு அந்த வாரம் லீவு. சாரே ஜீப்பில் போனார். என்ன பொறுப்பு என்று நான் மெச்சிக்கொண்டேன்.

இரண்டு பாட்டில்கள் எண்ணோடு என் மேஜைக்கு வந்தன. ஆறே முக்காலுக்கு வந்து வடிகட்டினேன். இரண்டும் ஒரே பழுப்பு. உப்பு பார்த்தபோது இரண்டும் வெள்ளி நைட்ரேட்டைக் குடித்துக்கொண்டே போயின; செங்கல் நிறம் வருவேனா என்றது. பாதரச உப்பை அதிகம் போட்டுக் கொதிக்கவைத்தேன். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் இரண்டு பாட்டிலுக்கும் ஏறக்குறைய ஒரே எண். எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து டைப் செய்த அறிக்கையில் கையெழுத்துக் கேட்டு வந்தது. மேலேயும் கீழேயும் அளவு ஒன்றாக இருப்பதால் நிறத்துக்குக் காரணம் இயற்கையாக ஊறும் இலை தழைகளே என்று இருந்தது. கரிமக் கணக்கு இருந்தது. உப்புக் கணக்கு இல்லை. உத்தரவில் உப்பைப் பற்றிக் கேட்கவில்லையாம், அதனால் விட்டுவிட்டார்களாம். எண் எல்லாம் என்னுடைய எண், பிழையில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேனாவை மூடும்போதுதான் உறைத்தது. இலைச் சாற்றில் அவ்வளவு உப்பு வராது. தோல் கம்பெனிக்குத்தான் பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வரும்.

சாரிடம் போனேன். "சார், இலைக்கு ஏது உப்பு?"

அவர் முகம் மாறவில்லை. "நல்ல கேள்வி, கிரேஸ். அந்தப் பக்கம் நிலமே உப்பு. ஊத்துலயே வரும்" என்றார்.

இருக்கலாம். ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனைக்குப் போகாமல், ஒயர் கூடையில் இரண்டு பாட்டிலை வைத்துக்கொண்டு முடிச்சூர் பஸ் ஏறினேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நான் சோதித்த தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். பத்து வருடம் வேலை பார்த்த பிறகு!

கன்னியம்மா பாத்தியில் குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மேலே எடுத்த பாட்டில் எந்த இடத்தில் எடுத்தது என்று கேட்டேன். ஓடையின் குறுக்கே ஒரு சிறு பாலம் இருந்தது. அதன் அடியைக் காட்டினார்.

"இங்க நின்னுதான் மொண்டாரு உங்க ஆபீசரு. இன்னும் மேல வா சார், அங்கதான் ரெண்டாவது கொழா கீதுன்னு நான் கூப்டேன். முள்ளு கீது, பேண்ட்டு கிழிஞ்சுடும்னு சொல்ட்டாரு."

"ரெண்டாவது குழாயா?"

"ஆமா. ஊருக்குத் தெரிஞ்ச கொழா கீழ கீது. இது திருட்டுக் கொழா. ஆடு மேய்க்கிறவனுங்களுக்கெல்லாம் தெரியும். அவராண்டயும் சொன்னேன். எல்லாம் எழுதிக்கினேம்மான்னாரு."

வேலிக்காத்தான் முள்ளை விலக்கிக்கொண்டு கன்னியம்மா முன்னால் போனார். புடவை கிழிந்தது, கிழியட்டும். பாலத்துக்கு மேலே முப்பது நாற்பது எட்டில் பாதி மண்ணில் புதைந்த குழாய் வாய். அதிலிருந்து பழுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே போய்ப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரிந்தது.

ஆக, மேலே ஒரு பாட்டில் கீழே ஒரு பாட்டில் என்பதே பித்தலாட்டம். இரண்டும் கம்பெனியின் குழாய்க்குக் கீழேதான். எனக்கு அங்கேயே உடம்பு பற்றி எரிந்தது. என் வெள்ளி நைட்ரேட், என் சுட்ட தாள், என் மூன்று முறை, எல்லாம் சேர்ந்து ஒரு பொய்க்கு இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கின்றன. தப்பான எண் எழுது என்று அவர் என்னிடம் கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். என்னிடம் அவர் எதுவுமே கேட்கவில்லை. எதையும் தெரிந்துகொள்ள மாட்டேன் என்ற என் திமிர் ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

குழாய்க்கு மேலே ஒரு பாட்டில், பாலத்தடியில் ஒரு பாட்டில் எடுத்தேன். இரவு முழுக்க அவை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் இருந்தன. திங்கட்கிழமை சோதித்தேன். மேலே எடுத்ததில் உப்பு இல்லை, கரிமம் கொஞ்சம்தான். அது உண்மையான இலைச் சாறு. பாலத்தடித் தண்ணீரில் ஒரு சொட்டு இரும்புக் கரைசல் விட்டேன். கன்னியம்மாவின் வாளியில் கருத்தது போலவே கருத்தது. மரப்பட்டைத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான்.

தாளைச் சாரின் மேஜையில் வைத்தேன். முழுவதையும் நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் நான் அலகு எழுதாமல் விட்டிருந்தேன். பென்சிலை எடுத்து அதைப் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் பாருங்கள், அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா இதுக்கு நம்பர் இல்லையே, கிரேஸ்."

"சார், நானே போய் எடுத்தேன்."

"அதான் சொல்றேன். எடுக்கறவங்க டெஸ்ட் பண்ணக் கூடாது. புதுசா வர்றவங்களுக்கு நீங்கதானே அதைச் சொல்லிக்கொடுக்கறீங்க?" தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். "மேலேர்ந்து பேசிட்டாங்க. அந்தக் கம்பெனியை நம்பி எத்தனை குடும்பம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கிணற்றை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் அது வாயில் வந்தது. அவர் காசு வாங்கினார் என்று சொல்ல மாட்டேன். வாங்கியிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு போனுக்கு இவ்வளவையும் செய்தாரே, அதுதான் ஆறவில்லை.

மனு விசாரணை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. தாசில்தார் வந்திருந்தார். ஊர் முழுக்க வாசலில். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் என்பதால் என்னையும் ஜீப்பில் கூட்டிப்போனார் சார். என் கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. எழுந்து எடுத்து நீட்டுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். "இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா சார்."

"இந்த நம்பரெல்லாம் சரியா?"

"சரி சார்."

"ரெண்டு இடத்துலயும் ஒரே அளவுதான், இல்லையா?"

"ரெண்டு பாட்டில்லயும் ஒரே அளவு சார்."

இடம் என்று கேட்டார், பாட்டில் என்று சொன்னேன். என் வீரம் அவ்வளவுதான். யாரும் கவனிக்கவில்லை. சார் மட்டும் மெல்லத் தலையை ஆட்டினார். நான் உட்கார்ந்துவிட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? மெமோ வரும், எங்காவது தூக்கி அடிப்பார்கள், வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், இதெல்லாம் ஓடியது. எல்லாருக்கும் இருக்கும் பயம்தான். அதற்காக அது மன்னிப்புக்குரியது என்று நான் நினைக்கவில்லை.

நல்ல வெயில். கன்னியம்மா ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு நேராக என்னிடம் வந்தார். "வெயில்ல வந்துகீற. குடி தாயீ. வெறும் எலத் தண்ணிதானே, நீயே கையெழுத்துப் போட்டுக்கீற."

சொம்பை வாங்கினேன். குடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா சொம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தாசில்தாரின் மேஜையில் வைத்தார். "அந்தம்மா குடிக்க மாட்டேங்குது. நீ குடி சார்."

தாசில்தார் பக்கத்திலிருந்த சோடா பாட்டிலைப் பார்த்தார். கூட்டம் சலசலத்தது. ஒரு நிமிடம், இதோ பொய் உடையப் போகிறது என்று நினைத்தேன்.

சார் எழுந்தார். தினமும் காய்ச்சின தண்ணீரை வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்து குடிக்கிற மனிதர். அவசரமே இல்லாமல் சொம்பை எடுத்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் துவர்க்குது. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

ஆபீசரே குடித்துவிட்டார் என்று வாசலில் பேச்சு பரவியது. பின்னால் நின்ற இரண்டு பேர் கையைக்கூடத் தட்டினார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுக் குடிக்கும்படி சொல்லி மனுவை முடித்துவிட்டார் தாசில்தார். ஒரே ஒரு சொம்பு! அந்தத் தெரு அதை வருஷக்கணக்கில் குடிக்க வேண்டும். இவர் ஒரு சொம்பு குடித்து அத்தனை பேர் வாயையும் அடைத்துவிட்டார்.

ஜீப்பின் பின்சீட்டில் நான். முன்சீட்டில் சார். டிரைவர் யாரிடமோ பேசிக்கொண்டு நின்றார். கன்னியம்மா காலிச் சொம்போடு என் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவுரு குடிச்சாரு. நீ ஏன் குடிக்கல?"

சாருக்குக் கேட்கும் என்று தெரிந்தே சொன்னேன். "குடிக்காதீங்கம்மா. அது இலை இல்ல. அந்தக் குழாய்தான். பிள்ளைங்களுக்குக் கொடுக்காதீங்க."

சார் திரும்பவில்லை. கன்னியம்மாவும் ஆச்சரியப்படவில்லை.

"தெனம் மொண்டு ஊத்தறவ நானு. எனுக்குத் தெரியாதா? நான் சொன்னா எவன் கேக்கறான்?" சொம்பைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் நீட்டினார். "உள்ள அந்த ஆளு உன்னாண்டதான கேட்டாரு. மூணு தபா கேட்டாரு. அப்ப சொல்றதுக்கு இன்னா நோவு உனுக்கு?"

டிரைவர் வந்து ஏறி, சாவியைத் தேடி, வண்டியைக் கிளப்ப வெகு நேரம் ஆனது. கன்னியம்மா கம்பியை விடாமல் நின்றார். நான் என் கைப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.